பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். இடுப்பில் கொத்துச்சாவி எதுவும் தொங்கவில்லை. அவள் பொறுப்பில் இருந்தவை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாவிகள். கையால் தொட முடியாது, தொலைந்தால் மட்டும் ஊருக்கே தெரியும்.

கம்பெனிக்குப் பத்தொன்பது குளிர்கிடங்குகள். எல்லாவற்றிலும் மீன். ஒவ்வொரு கிடங்கிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சுவரில் உட்கார்ந்துகொண்டு, குளிர் போதும், போதாது என்று இயந்திரத்தை அதட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பத்தொன்பது அதட்டல்காரர்களையும் அதட்டுகிறவள் சாவிக்காரி. தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், நகல் மெஷினுக்கும் உடைந்த அலமாரிக்கும் நடுவில் அவளுக்கு ஒரு மேஜை. அங்கிருந்தபடியே எஸ்எஸ்எச் என்கிற நிரல் வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டரின் பூட்டைத் திறந்து உள்ளே போவாள், வேலையை முடிப்பாள், வெளியே வந்து மீதி டீயைக் குடிப்பாள்.

பத்தொன்பது கம்ப்யூட்டருக்கும் முகவரி உண்டு. எல்லாம் எண்கள், நாலு நாலு துண்டாக. அதை மனப்பாடம் செய்கிறவனுக்கு வேறு பிழைப்பு இருக்காது. அதனால் ஒரு கான்ஃபிக் ஃபைல் வைத்திருந்தாள். 'ஹோஸ்ட் கிடங்கு-7' என்று ஒரு வரி. அதன் கீழே அதன் உண்மையான முகவரி. அப்புறம் கிடங்கு-7 என்று செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், நேராக அந்த வாசலில் போய் நிற்கும். 'ஹோஸ்ட் கிடங்கு-*' என்று இன்னொரு வரி. கிடங்கு என்று தொடங்குகிற எதுவாக இருந்தாலும் இந்தச் சாவியைக் காட்டு என்று பொருள். எல்லாவற்றுக்கும் கீழே, வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டு ஒரு வரி. அது யார் வந்தாலும் பொருந்தும், சத்திரத்து வாசல் மாதிரி. பொதுவான சில்லறை விதிகள் அதில் கிடக்கும்.

இந்த ஃபைலுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து கீழே படிக்கும். எந்த விஷயத்துக்கும் முதலில் கிடைத்த பதிலே பதில். அதற்குக் கீழே வருகிறவன் எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும் எடுபடாது. சந்தையில் ஒருவனிடம் கைகொடுத்து விலை பேசி முடித்த பிறகு, அடுத்த கடைக்காரன் பாதி விலை சொல்லி என்ன புண்ணியம்? அதனால் குறிப்பானது மேலே, பொதுவானது கீழே. சாவிக்காரி எட்டு வருஷமாக அப்படித்தான் வைத்திருந்தாள். பத்தொன்பது கிடங்கும் ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டிருந்தன.

வரிசை சார் வரும்வரை.

அவர் நிர்வாக மேலாளர். கம்பெனியில் எது இருந்தாலும் அதைப் பதவி வரிசைப்படி அடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கார் நிறுத்தும் இடம், கூட்டத்தில் நாற்காலி, டீ கொடுக்கும் ஒழுங்கு, கைகழுவும் இடத்தில் துண்டு தொங்கும் கொக்கி, எல்லாம் வரிசை. தொலைபேசிப் பட்டியலில் அதிகாரிகள் பெயருக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, ஒரு நட்சத்திரம் போட வைத்ததும் அவர்தான். நட்சத்திரம் இருந்தால் எழுந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தலையாட்டினால் போதும். கணக்கு மேலாளர் தனக்கு நட்சத்திரம் வந்த அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்ததாகக் கேள்வி.

போன மாதம் ஒரு தணிக்கைக்காக எல்லாப் பட்டியல்களையும் அச்செடுத்துக் கேட்டார். சாவிக்காரியும் கான்ஃபிக் ஃபைலை அச்செடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? தலைவர் எங்க இருக்காரு பாத்தியா?"

"எங்க சார்?"

"தண்ணித் தொட்டி மோட்டாருக்குக் கீழ!"

உண்மைதான். தலைவர் அறையை ஒரு குளிர் இயந்திரம்தான் குளிர்வித்தது. சாதாரண ஏசி இல்லை. குளிர் விற்கிறவன் அடுத்தவன் குளிரில் உட்காரலாமா என்று, கம்பெனியே செய்து விற்கிற, கிடங்கில் வைக்கிற அதே இயந்திரத்தைச் சின்ன அளவில் செய்து சுவருக்குப் பின்னால் வைத்திருந்தார். அதற்கும் ஒரு சோப்புப் பெட்டிக் கம்ப்யூட்டர். அதற்குச் சாவிக்காரி வைத்த செல்லப்பெயர் 'தலைவர்'. அது கிடங்குகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பிறகு, கடைசி வரிக்குச் சற்று மேலே இருந்தது.

"சார், இது கம்ப்யூட்டர் படிக்கிற ஃபைல்."

"மனுஷனும் படிக்கிறானேம்மா. நான் படிச்சேன்ல?"

"இதுல மேல இருக்கிறது ஜெயிச்சிரும் சார். அதான் பாத்து வைக்கணும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! ஜெயிக்கிறவர் யாரு? தலைவர்தானே?"

இதற்கு மேல் பேசினால் மூளை தேயும் என்று சாவிக்காரிக்குப் பட்டது. யோசித்தாள். தலைவர் என்ற பெயரைச் சொன்னால் மட்டும் பொருந்துகிற வரி அது. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தூக்கி உச்சியில் வைத்தாள். வரிசை சார் முகம் மலர்ந்தது. மலர்ந்ததோடு போகவில்லை. இனிமேல் கம்பெனியின் எந்தப் பட்டியலையும் தான் மட்டுமே திருத்த முடியும் என்று சுற்றறிக்கை விட்டு, ஃபைலைத் தன் பாஸ்வேர்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். யாரும் தனியாக வேறு ஃபைல் வைத்துக்கொண்டு கிடங்குக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் அன்றைக்கே வேலை போகும் என்றும் அதில் ஒரு வரி. சும்மா மிரட்டல் இல்லை. நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன், அவசரம் என்று அப்படிச் செய்து, அன்று மாலையே டிபன் பாக்ஸோடு வீட்டுக்குப் போனான்.

இது போன மாதக் கதை.

இன்றைக்கு வெயில் தலையைப் பிளந்தது. அது போதாதென்று மின்வாரியம் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை மின்சாரம் கிடையாது என்று அறிவித்திருந்தது. கிடங்கு ஜெனரேட்டர்கள் விளக்கு எரியத்தான் லாயக்கு. ஒரே வழி, மின்சாரம் போவதற்கு முன்பே எல்லாக் கிடங்கையும் மைனஸ் பதினெட்டிலிருந்து மைனஸ் இருபதுக்கு இறக்கி வைப்பது. சேர்த்து வைத்த குளிரில் மூன்று மணி நேரம் ஓடிவிடும். இறங்க ரெண்டு மணி நேரம் பிடிக்கும். அதாவது பதினொன்றுக்குள் கட்டளை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் பத்தொன்பது கிடங்கு மீனும் நாறும். பொறுப்பு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவள் சாவிக்காரி.

பத்து மணிக்கே வேலையை முடித்தாள். கிடங்கு ஒன்று முதல் பத்தொன்பது வரை வரிசையாக நுழைந்து 'ரெண்டு டிகிரி இறக்கு' என்று சொல்லிவிட்டு வருகிற ஒரு சின்ன நிரலை ஓட்டினாள். பத்தொன்பது முறை 'சரி' என்று பதில் வந்தது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அவள் நிம்மதியாக டீயை எடுத்தாள்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. கிடங்கு ஏழின் பொறுப்பாளர். அவள் சாவிக்காரிக்கு நாத்தனாரும்கூட. சாவிக்காரியை வேலை இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்த் தன் அண்ணனுக்குப் பேசி முடித்தவளே அவள்தான்.

"அண்ணி, டிகிரியை இறக்கிட்டீங்களா, இல்ல இறக்கப்போறீங்களா?"

"அப்பவே இறக்கிட்டேனே. சரின்னு பதில் வந்துச்சு."

"உங்களுக்குச் சரி. இங்க மைனஸ் பதினெட்டுல எங்க அண்ணன் மாதிரியே அசையாம நிக்குது."

"டிகிரி காட்டுற போர்டு கெட்டுப்போச்சோ?"

"கிடங்கு எட்டுலயும் கேட்டேன். அங்கயும் இதே கதைதான். ரெண்டு போர்டுமா கெடும்?"

சாவிக்காரி டீயைக் கீழே வைத்தாள். எஸ்எஸ்எச்சில் ஒரு வசதி உண்டு: போகாமலே, போனால் எங்கே போவாய் என்று கேட்டுப் பார்க்கலாம். கிடங்கு-7 எங்கே என்று கேட்டாள். ஒரு முகவரி வந்தது. கிடங்கு-8? அதே முகவரி. தண்ணீர்த் தொட்டி? அதே முகவரி. செல்லப்பெயரே வேண்டாம் என்று எண்களாலான முகவரியையே நேராக அடித்துப் பார்த்தாள். அதற்கும் அதே பதில். எந்தத் தெருவைச் சொன்னாலும் தன் மச்சான் கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஆட்டோக்காரன் மாதிரி இருந்தது.

ஃபைலைத் திறந்தாள். திருத்த முடியாதே தவிர, பார்க்கலாம். உச்சியில் இருந்தது: 'ஹோஸ்ட் தலைவர் *'.

காலை ஒன்பதரைக்கு வரிசை சார் ஃபைலைத் தொலைபேசிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பட்டியலில் கணக்கு மேலாளர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம், ஃபைலில் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் இல்லை. பதறிப்போய் முறைப்படி கொஞ்சம் இடம் விட்டு ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டார். அந்த இடம்தான் வினை. நடுவில் இடம் இருந்தால் எஸ்எஸ்எச்சுக்கு அது ரெண்டு தனித்தனி ஆள்: 'தலைவர்' என்று கூப்பிட்டாலும் சரி, வேறு எதைக் கூப்பிட்டாலும் சரி, இங்கேயே வா. உச்சியில் இருப்பதால் அதுதான் முதல் பதில், அதுதான் முடிந்த பேரம்.

அப்படியானால் காலையில் 'சரி' என்று சொன்னது யார்? பத்தொன்பது கட்டளையும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன. தலைவர் அறையில் இருபத்துநாலு டிகிரி. பத்தொன்பது தடவை ரெண்டு ரெண்டாகக் கழித்தால் மைனஸ் பதினாலு. அந்த அறையில்தான் பத்து மணியிலிருந்து மாதாந்திரக் கூட்டம். வரிசை சாரும் அங்கேதான் இருந்தார்.

தனி ஃபைல் ஒன்றை வைத்து அரை நிமிஷத்தில் வேலையை முடிக்கலாம். கை துறுதுறுத்தது. டிபன் பாக்ஸோடு போனவனை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள். மாடிப்படி இறங்கி ஓடினாள்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மீன் கிடங்குக் காற்று முகத்தில் அறைந்தது. சுவரிலிருந்த போர்டு ஏழு டிகிரி என்றது. நீள மேஜையில் எட்டு அதிகாரிகள் பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பதவி, இயந்திரத்துக்குப் பக்கத்தில், கௌரவ இடம். விற்பனை மேலாளர் டீக் கோப்பையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. கணக்கு மேலாளர் போன வருஷ அறிக்கையைச் சட்டைக்குள் செருகியிருந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைவரின் சொந்த இயந்திரம். குளிருகிறது என்று சொன்னால் சரக்கைக் குறை சொன்னதாகிவிடும்.

"எப்படியிருக்கு நம்ம மெஷினு?" தலைவர் கேட்டார். அவர் குரலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

"இ... இதமா இருக்குங்கய்யா," என்றார் காற்றுவாயின் நேர் கீழே உட்கார்ந்திருந்த வரிசை சார். அவர் மீசை விறைத்துப்போயிருந்தது.

சாவிக்காரி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். தாழ்ந்த குரலில், நட்சத்திரம் செய்த காரியத்தை ரெண்டே வரியில் சொன்னாள். பிறகு பேரத்தைத் தொடங்கினாள். வேண்டியதை முதலில் கேட்கிறவன் வியாபாரி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், தலைவர் வரியைத் தூக்கிக் கடைசியில போட்டுருங்க. எல்லாம் சரியாயிரும்."

"க... கடைசியிலயா? தலைவரையா? அவர் உக்காந்திருக்கும்போதே இதைச் சொல்ற!"

"சரி வேண்டாம். பேரை வேணா மாத்திருவோம். 'மெஷின் இருபது'ன்னு வெச்சுருவோம்."

"ஏம்மா, உனக்கு வேலை பிடிக்கலையா?"

"சரி சார். மேலயே இருக்கட்டும், பேரும் இருக்கட்டும். ஸ்டாரை மட்டும் எடுத்துருங்க."

"முடியாது. கணக்குக்கே ஸ்டார் இருக்கு. தலைவருக்கு இல்லன்னு நாளைக்குத் தெரிஞ்சா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

"என்ன ரகசியம் அங்க?" என்றார் தலைவர்.

"உங்க பேரு விஷயமாத்தாங்கய்யா. மரியாதை குறையாம பாத்துக்கிறேன்."

சாவிக்காரி நிமிர்ந்தாள். பெருமூச்சு விட்டாள். கட்டுப்படியாகாத விலை கேட்டவள் போலத் திரும்பி, கதவைப் பார்த்து ரெண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு வைப்பதற்குள் பின்னால் குரல் வந்தது.

"இரு, இரு. வேற வழியே இல்லியா?"

திரும்பி வந்தாள்.

"ஒண்ணு இருக்கு சார். ஆனா உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ."

"சொல்லு."

"மேலயே இருக்கட்டும். ஸ்டாரும் இருக்கட்டும். நடுவுல இருக்கிற ஸ்பேஸை மட்டும் எடுத்துருங்க. இப்போ பாருங்க, தலைவர் ஒரு பக்கம், ஸ்டார் ஒரு பக்கம்னு சண்டை போட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது. ஒட்டி நின்னாத்தானே மரியாதை?"

வரிசை சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதவியும் போகவில்லை, நட்சத்திரமும் போகவில்லை. போவது வெறும் காலி இடம். அதில் யாருக்கும் பங்கு இல்லை.

"இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

முதலிலேயே சொல்லியிருந்தால் அதிலும் பாதிதான் தருவேன் என்று நின்றிருப்பார். அதைச் சாவிக்காரி சொல்லவில்லை. நட்சத்திரம் பெயரோடு ஒட்டிவிட்டால், 'தலைவர்' என்று தொடங்குகிற பெயருக்கு மட்டும்தான் அந்த வரி பொருந்தும். கம்பெனியில் அப்படித் தொடங்குகிறது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் தன் தன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வரிசை சார் லேப்டாப்பை இழுத்தார். பாஸ்வேர்ட் அடித்தார். விரல் விறைத்துப்போனதில் ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழுந்தது. தவறு. மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவதும் தப்பினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அதுவும் அவரே போட்ட விதி. சுவர்க் கடிகாரம் பதினொன்றுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் என்றது.

சாவிக்காரி விற்பனை மேலாளர் கையிலிருந்த டீக் கோப்பையைப் பிடுங்கி வரிசை சார் கைக்குள் திணித்தாள்.

"என் டீ!" என்றார் விற்பனை மேலாளர். கூட்டம் தொடங்கியதிலிருந்து அந்த அறையில் யாரும் மனசாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஒரு நிமிஷம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விரல்கள் இளகின. ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, வரன் பார்க்கிற மாதிரி நிதானமாக அடித்தார். திறந்தது. பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தை அழித்தார். தலைவர்*. பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சாவிக்காரி படியேறி ஓடினாள். கிடங்கு-7 எங்கே என்று கேட்டாள். ஏழின் சொந்த முகவரி வந்தது. பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பத்தொன்பதும் வேறு வேறு. காலையில் இதைக் கேட்காமல் விட்டதற்குத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு நிரலை ஓட்டினாள். பத்தொன்பது 'சரி'. இந்தத் தடவை அவள் நம்பவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி," என்றது போன், "அசைஞ்சிருச்சு."

இனி தலைவர் அறையை ஏற்ற வேண்டும். அங்கே இன்னும் மைனஸ் பதினாலுதான் இலக்கு. ஆனால் தலைவர் அறையை அவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி. மறுபடி இறங்கிப் போனாள். கூட்டம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். வழக்கமாக மதியம் வரை இழுக்கிற கூட்டம் பதினொன்றேகாலுக்கே முடிந்துவிட்டது. எந்தத் தீர்மானத்துக்கும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். தலைவர் தனியாக, ஜன்னல் திரையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"வாம்மா. ஒரு உண்மையைச் சொல்லு. குளிருதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?"

"குளிருதுங்கய்யா. எல்லாருக்கும்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்பாடா. காய்ச்சல்தான் வந்துருச்சுன்னு பாத்தேன். எட்டுப் பேரு உக்காந்திருந்தானுங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல பாரு!"

சாவிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். நட்சத்திரத்தையும் மறைக்கவில்லை, காலையில் போகும் இடத்தைச் சரிபார்க்காமல் ஓட்டியது தன் தப்பு என்பதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தாள். தலைவர் போர்டைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"இருபத்துநாலு."

"இப்போ நாலு. ஒண்ணேகால் மணி நேரத்துல! வெளிய இந்த வெயிலு, உள்ள எட்டு ஆளு உக்காந்து மூச்சு விட்டுட்டிருக்கான், நீ வேற ரெண்டு தரம் கதவைத் தொறந்துட்ட. அப்படியும் நாலு!" திரையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். "அடுத்த தடவை வாங்க வர்றவனை இங்கதான் உக்கார வைக்கணும். மீனு என்னாச்சு?"

"இறங்கிட்டிருக்குங்கய்யா. ஒண்ணுக்குள்ள மைனஸ் இருபதைத் தொட்டுரும்."

வியாபாரி மனம் குளிர்ந்திருக்கிற நேரத்தில் கேட்காதவன் எப்போதும் கேட்கப்போவதில்லை. சாவிக்காரி கேட்டாள்.

"ஐயா, அந்த ஃபைலை இனிமே நானே எழுதுறேன். என் கையெழுத்துக்குப் பொறுப்பு இருக்கு. பூட்டு வேற ஒருத்தர்கிட்ட இருந்தா, அடுத்த தடவை இவ்வளவு நல்லபடியா முடியாது."

"எழுது. ஆனா வரிசை மனசு நோகக் கூடாது. அவன் இல்லேன்னா இங்க எவன் எங்க உக்காரணும்னு அடிச்சுக்குவானுங்க."

"கம்ப்யூட்டர் படிக்கிறதுக்கு ஒண்ணு, சார் படிக்கிறதுக்கு அச்செடுத்து ஒண்ணு. அவரு தாள்ல நீங்கதான் உச்சியில. எத்தனை ஸ்டார் வேணுமோ போட்டுக்கட்டும்."

தலைவர் சிரித்தார். சிரிப்பில் பல்லும் சேர்ந்து அடித்துக்கொண்டது. "முதல்ல என்னை இருபத்துநாலுக்கு ஏத்தும்மா," என்றார்.

சொன்னபடி ஒரு மணிக்கு மின்சாரம் போனது. அலுவலகத்தில் எல்லோரும் கையில் கிடைத்த தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கணக்கு மேலாளர் மட்டும், பரவாயில்லை, கொஞ்சம் சூடாகவே இருக்கட்டும் என்றார். சாவிக்காரி விசிறவில்லை. செத்துப்போன திரையின் முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இனி யாரைக் கூப்பிட்டாலும் பதில் வராது, நாலு மணி வரை.

நாலு அடித்து ஏழு நிமிஷம் கழித்து விளக்கு எரிந்தது. அவள் கிடங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மைனஸ் பதினேழரை, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினேழு. பதினாறாவதில் இருக்கும்போது போன் வந்துவிட்டது.

"கதவைத் தொறந்து பாத்துட்டேன் அண்ணி. ஒரு மீன்கூட முகம் சுளிக்கல."

"நிஜமாவா?"

"கல்லு மாதிரி கெடக்கு. நீங்க எழுந்து ஒரு வாய் சாப்பிடுங்க மொதல்ல. எங்க அண்ணன் மதியத்துலேர்ந்து எனக்குப் போன் பண்ணிட்டே இருக்கான், கரண்ட் இல்லாம உங்க ஆபீஸ் போனு போகலன்னு. எனக்கு இங்க ஆயிரம் டப்பா மீன் எண்ணணும்."

சாவிக்காரி மீதி மூன்று கிடங்கையும் பார்த்து முடித்தாள். அப்புறம்தான் சாப்பாட்டைத் திறந்தாள்.